அம்மாவின் வேகம், பாட்டியின் மரபணு

வயதானவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் ஒன்று என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பேச்சின் நடுவே ஒரு பெயர் நினைவுக்கு வராமல் அவர்கள் சற்று நின்றால் போதும், நாமே அந்தப் பெயரைச் சொல்லி வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுப்பதில்லை; அருகில் நிற்கும் மகனிடமோ மகளிடமோ திரும்பி அதையே கேட்கிறோம். தாமதம் என்றாலே மூளை மங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். கூடவே, "அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பரம்பரை" என்று இன்னொரு தீர்ப்பும் வந்துவிடுகிறது.

என் அம்மா எழுபதைக் கடந்தவர். பாட்டிக்கு எண்பதுக்கு மேல் மறதிநோய் வந்தது, கடைசிக் காலத்தில் அம்மாவைப் பார்த்தே "நீ யாரும்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகிறது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "எங்கம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துடுமாடி?"

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் முதுமையில் வேகம், அறிதிறன் (சிந்திக்கவும் நினைவில் வைக்கவும் உள்ள திறன்), மரபணு ஆகியவை பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. அம்மாவின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவருடைய அறிதிறன் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த உயரத்திலிருந்து அவர் எவ்வளவு இறங்குகிறார் என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு மரபணு நிறையப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு அது சொல்வது மிகக் குறைவு.

முதலில் வேகம். அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்துவரும் முதியோர் ஆய்வில் ஒரு சிறு பெட்டியைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு சின்னத் திரை, அதன் கீழே வளைவாக ஐந்து பொத்தான்கள். நடுப் பொத்தானில் 0. இடப்பக்கம் 1, 2. வலப்பக்கம் 3, 4. முதல் சோதனை எளிது. திரையில் 0 தெரிந்ததும் 0 பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அடுத்ததில் இரு கைகளின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நான்கு பொத்தான்கள் மேல் தயாராக இருக்க வேண்டும். 1 முதல் 4 வரை எந்த எண் தெரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலான காத்திருப்பு 1 நொடியிலிருந்து 3 நொடி வரை மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டியே ஊகித்து அழுத்திவிடக் கூடாது என்பதற்காக.

எழுபது வயதுக்காரர்களுக்கு எளிய சோதனையில் கால் நொடியைவிடச் சற்றே கூடுதலாகிறது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது ஏறத்தாழ 0.65 நொடியாகிவிடுகிறது. விரல் அதே விரல், நரம்பும் அதே நரம்பு. விரலுக்கும் மூளைக்கும் இடையில் நரம்புச் செய்தி ஓடி முடிக்க நொடியில் மிகச் சிறு பங்குதான் தேவை. ஆக, கூடிய நேரம் முழுவதும் மூளைக்குள், "எது?" என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் செலவாகிறது. வயதின் தாக்கமும் அங்கேதான் முதலில் தெரிகிறது. எளிய எதிர்வினை நேரம் ஐம்பது வயதுவரை பெரிதாக மாறுவதில்லை. தேர்வு செய்யும் எதிர்வினை நேரமோ இளமை முடிவதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. ஒரே ஆளுடைய அழுத்தங்களுக்குள் ஏற்ற இறக்கமும் கூடுகிறது: ஒருமுறை பளிச்சென்று, அடுத்த முறை தயங்கி.

ஆனால் இந்த நீளும் நேரத்தை அப்படியே "மூளை மெதுவாகிவிட்டது" என்று படிக்கலாமா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. இணையவழிச் சோதனை ஒன்றில் பங்கெடுத்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை எடுத்து, ஒவ்வொரு தாமதத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள்: தகவலைச் செரிக்கும் வேகம், முடிவெடுக்கும் முன் காட்டும் எச்சரிக்கை, பார்த்தல் முதல் விரலசைத்தல் வரையான மற்ற வேலைகளுக்கு ஆகும் நேரம். தகவலைச் செரிக்கும் வேகம் 60 வயதுவரை பெரும்பாலும் குறையவே இல்லை. அதற்கு முன்பு தெரிந்த மந்தத்துக்குக் காரணம் எச்சரிக்கையும் உடலசைவும்தான். வயது ஏற ஏற மனிதர்கள் தவறு செய்யாமல் இருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள்; உறுதியாகத் தெரிந்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். 60-க்குப் பிறகு செரிக்கும் வேகமும் சராசரியாகக் குறையத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தாமதத்தின் ஒரு பங்கு நிதானம் என்பது தெரிந்த பிறகு, எதிரில் இருப்பவரின் வாக்கியத்தை நாமே முடித்து வைப்பதற்கு நியாயம் இல்லை.

(சில நூறு மில்லிநொடிகளுக்காக மனிதர்கள் எவ்வளவு கடுமையாக எடைபோடப்பட்டிருக்கிறார்கள் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னெப்ரூக் என்ற உதவியாளர் வேலையிழந்தார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கோட்டைக் கடக்கும் நேரத்தை அவர் தன் தலைவரைவிட 0.8 நொடி தாமதமாகக் குறித்தார் என்பதே குற்றம். ஒவ்வொருவர் எதிர்வினை நேரமும் இயல்பாகவே வேறு என்பது வானியலாளர்களுக்குப் புரிவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.)

இனி மரபணு. இதைப் பேச வேண்டுமானால் ஒருவர் சிறுவயதில் எப்படி இருந்தார் என்பது தெரிந்தாக வேண்டும். அதுதான் எங்கும் கிடைக்காத தகவல். ஒரு எண்பது வயதுக்காரரின் பதினொரு வயது அறிதிறனை யார் அளந்து வைத்திருப்பார்கள்?

ஸ்காட்லாந்து வைத்திருந்தது. 1932 ஜூன் 1 அன்று, 1921-இல் பிறந்து அந்நாட்டுப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே அறிதிறன் தேர்வை வைத்தார்கள். 87,498 பேர் எழுதினார்கள். 1947-இல், 1936-இல் பிறந்த 70,805 பேருக்கு மறுபடியும் அதே தேர்வு. பிறகு அந்த மதிப்பெண் பதிவேடுகள் பெட்டிகளுக்குள் போய்விட்டன. 1990-களின் பிற்பகுதியில் இயன் டியரி, லாரன்ஸ் வாலி என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுத்தார்கள். 1998 ஜூன் 1 அன்று, அதாவது முதல் தேர்வு நடந்து சரியாக 66 ஆண்டுகள் கழித்து, அபர்டீன் நகரத்தின் இசை மண்டபத்தில் அந்த மாணவர்களில் சிலரை உட்கார வைத்து அதே வினாத்தாளைக் கொடுத்தார்கள். அதே அறிவுரைகள், அதே 45 நிமிடம். பதினொரு வயதில் அந்தத் தாளை எழுதியவர்கள் எழுபத்தேழு வயதில் மறுபடி எழுதினார்கள்.

இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முடிவும் சிலிர்க்க வைப்பதுதான். பிறகு எழுதியவர்களையும் சேர்த்து 101 பேரின் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட்டபோது ஒட்டுறவு எண் 0.63 வந்தது (தொடர்பே இல்லை என்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1). சிறுவயதில் முன்னணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதுமையிலும் முன்னணியில் இருந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சராசரி மதிப்பெண் குறையவில்லை, கூடியிருந்தது. எழுபத்தேழு வயதுக்காரர்கள் பதினொரு வயதுத் தங்களைவிட அதே தாளை நன்றாக எழுதினார்கள். பின்னாளில் தொண்ணூறு வயதுவரை பின்தொடர்ந்தபோதும் ஒட்டுறவு எண் 0.54 என்ற அளவில் நின்றது. ஆக, முதுமையில் ஒருவரை ஒருவர் மிஞ்சுவதில் பெரும்பங்கு முதுமைக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. எண்பது வயதுக்காரர் ஒருவர் தேர்வில் குறைவாக வாங்கினால், அவர் "இறங்கிவிட்டார்" என்று சொல்வதற்கு முன் அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்று கேட்க வேண்டும்.

புறப்பட்ட இடத்தில் மரபணுவின் பங்கு கணிசமானது. ஸ்வீடனில் 80 வயதைத் தாண்டிய 240 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 1997-இல் வெளிவந்த ஆய்வு இதில் முக்கியமானது. மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றாக இருக்கும் ஒரு கரு இரட்டையர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையையும், சராசரியாகப் பாதியே பொதுவாக இருக்கும் இரு கரு இரட்டையர்களுக்குள் இருக்கும் ஒற்றுமையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பொது அறிதிறன் வேறுபாட்டில் 62 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று கணக்கிட்டார்கள். வேகம் சார்ந்த சோதனைகளுக்கும் அதே 62 சதவீதம். நினைவாற்றலுக்கு 52. அத்தனை ஆண்டு வாழ்க்கை, தொழில், நோய், துயரம் எல்லாவற்றுக்கும் பிறகும் மரபணுவின் தடம் அழியவில்லை.

இந்த 62 சதவீதத்தைத்தான் எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். என் அம்மாவின் அறிதிறனில் 62 சதவீதம் பாட்டியிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணப்படும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பள்ளிக்கூடமும் மருத்துவமும் கிடைக்கும் ஊரில் இந்த எண் தானாகவே ஏறும், ஏனென்றால் மற்ற வித்தியாசங்கள் குறைந்துவிட்டன. பாதிப் பெண்களைப் பள்ளிக்கே அனுப்பாத ஒரு தலைமுறையில் அதே எண் வேறாக இருக்கும். தனி ஒரு மனிதரைப் பற்றி அந்த எண்ணிடம் எதுவும் கேட்க முடியாது.

எந்த மரபணு என்று தேடிப் போனவர்களின் கதை இன்னும் பணிவைக் கற்றுத் தருவது. 2000-களின் தொடக்கத்தில் "அறிவு மரபணு" என்று ஒவ்வொன்றாக அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. 2012-இல் ஒரு குழு அவற்றைப் பெரிய மாதிரிகளில் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலானவை நிற்கவில்லை. உண்மை என்னவென்றால் தனி நாயகன் யாரும் இல்லை. 2018-இல் 3 லட்சம் பேரின் டிஎன்ஏவை வைத்துச் செய்த ஆய்வில், பொது அறிதிறனோடு தொடர்புள்ள 148 இடங்கள் ஜீனோமில், அதாவது நம் மொத்த டிஎன்ஏ தொகுப்பில், கிடைத்தன. அதே ஆய்வில் 3.3 லட்சம் பேரின் எதிர்வினை நேரத்தைப் பார்த்தபோது 42 இடங்கள். ஒவ்வொன்றின் விளைவும் நுண்ணியது. கண்டுபிடித்த எல்லாவற்றையும் கூட்டி ஒரு மரபணு மதிப்பெண் போட்டாலும், புதியவர்களிடையே அறிதிறன் வேறுபாட்டில் அதிகபட்சம் 4.3 சதவீதத்தையே அதனால் விளக்க முடிந்தது.

எதிர்வினை நேரத்துக்கு வந்த மரபுவழிப் பங்கும் சிறியது, சுமார் 7 சதவீதம். அந்தத் தரவு வந்த, பிரிட்டனின் பெரிய உடல்நலத் தரவுத் தொகுப்பான யூகே பயோபேங்கில் சோதனையே மிகக் குறுகியது: திரையில் இரண்டு சீட்டுகள் ஒன்றுபோல் இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சில முறை மட்டும். அன்றைய தூக்கம், பதற்றம், கண்ணாடியை மறந்து வந்தது எல்லாம் அந்தச் சில அழுத்தங்களில் கலந்துவிடும். அளவு கரடுமுரடாக இருந்தால் மரபணுவின் பங்கும் சிறியதாகத்தான் தெரியும். இன்னொன்று, எதிர்வினை நேரத்தின் மரபணுக்களும் அறிதிறனின் மரபணுக்களும் ஓரளவுதான் பொதுவானவை. வேகமும் அறிவும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மெதுவாக அழுத்தினார் என்பதை வைத்து அவர் எவ்வளவு நன்றாகச் சிந்திக்கிறார் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அதைத் தாண்டி எதுவும் இல்லை.

இப்போது இறக்கம். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளால்தான் இதையும் கேட்க முடிந்தது. 2012-இல், சிறுவயதிலும் முதுமையிலும் மதிப்பெண் உள்ள 1,940 பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்தார்கள். சிறுவயது அறிதிறனைப் பாதிக்கும் மரபணு வேறுபாடுகளில் பலவே முதுமை அறிதிறனையும் பாதிக்கின்றன. ஆனால் வாழ்நாளில் ஒருவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ மாறியதில், மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்தது சுமார் 24 சதவீதம் மட்டுமே. அந்த எண்ணைச் சுற்றியிருந்த பிழை எல்லையும் பெரிது. மிச்சம் எல்லாம் வேறெங்கோ இருக்கிறது: ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, செவித்திறன், தனிமை, வெறும் தற்செயல்.

இறக்கத்தில் மறுபடி மறுபடி கண்ணில் படும் மரபணு ஒன்று உண்டு, ஏபிஓஇ. 19-வது குரோமோசோமில் இருக்கிறது; உடலுக்குள் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தைத் தயாரிக்கிறது. அதன் இ4 வடிவம் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதல். 2002-இல் டியரியின் குழு கண்டது இதுதான்: பதினொரு வயதுத் தேர்வில் இ4 உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஏறத்தாழ எண்பது வயதில் இருந்தது. அந்த வடிவம் எழுபது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, முதுமையில் வேலையைக் காட்டுகிறது. அறிதிறனின் உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுவும் இறக்கத்தைத் தூண்டும் மரபணுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இந்த இடத்திலிருந்துதான் வந்தது. அறுபத்தைந்துக்கு முன்பே தாக்கும், குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நேரடியாக இறங்கும் அல்சைமர் வகை உண்டு. அதற்குக் காரணமான மாற்றங்கள் மூன்று மரபணுக்களில் அறியப்பட்டுள்ளன, ஆனால் அது மிக அரிது. பாட்டிக்கு வந்தது எண்பதுக்கு மேல். அந்த வயதில் வருவது பெரும்பாலும் பல காரணங்கள் கலந்து வருவது. ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது; பாட்டியிடம் இ4 ஒரு பிரதியில் இருந்திருந்தால் அது அம்மாவுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்புதான். இ4 ஒரு பிரதியில் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு அந்த நோய் வருவதே இல்லை. இரண்டு பிரதிகளும் இ4 என்றால் விஷயம் தீவிரமானது, அதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப வரலாம், வராமலும் இருக்கலாம்னு சொல்ற" என்றார் அம்மா. ஆமாம் என்றேன். "இதைச் சொல்ல இவ்வளவு படிச்சியா?" என்று கேட்டாலும், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "வரும்" என்பதை ஏற்கெனவே முடிவாக எடுத்துக்கொண்டிருந்தவருக்கு "வராமலும் இருக்கலாம்" என்பது சின்ன விஷயம் இல்லை.

எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் "உங்கள் நினைவாற்றல் மரபணு அறிக்கை" என்று விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 4.3 சதவீத விளக்கத்தை வைத்துத் தனி மனிதருக்கு எதிர்காலம் சொல்ல முடியாது. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை, மற்றவர்களிடம் அவற்றின் துல்லியம் இன்னும் குறைகிறது. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டால் அதிலும் பலம் குறைகிறது, ஏனென்றால் மரபணு என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு அந்தப் பெற்றோர் அமைத்துக் கொடுத்த வீட்டுச் சூழல். உண்மையான மருத்துவக் காரணத்துக்காக ஏபிஓஇ பரிசோதனை செய்வது வேறு. அதை மரபியல் ஆலோசகரின் துணையோடு செய்ய வேண்டும், அந்த முடிவு பிள்ளைகளையும் தொடும் என்பதால்.

மாற்றக்கூடியவற்றின் பக்கம் நிலைமை இதைவிட நம்பிக்கை தருவது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகளவில் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று மதிப்பிட்டது. அதில் செவித்திறன் இழப்புக்குப் பெரிய பங்கு. இதைப் படித்துத்தான் அம்மாவின் காதைப் பரிசோதிக்கக் கூட்டிப் போனோம். ஒரு காதில் உயர்ந்த சுருதி ஒலிகள் மிகவும் குறைந்திருந்தன. மெல்லிய மெய்யெழுத்துகள் அவருக்குக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. பாதி வார்த்தையைக் கேட்டு மீதியை ஊகித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கருவி வைத்த பிறகு தாமதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. ஒரு பகுதி அப்படியே இருக்கிறது, அது அவருடைய வேகம்.

நினைவுப் பரிசோதனைக்கு வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில சொல்லத் தோன்றுகிறது. கண்ணாடியும் காதுக் கருவியும் கையோடு போகட்டும். தூக்க மாத்திரை உட்பட சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள், சில மருந்துகள் நேரடியாகவே எதிர்வினையை மந்தமாக்கும். தைராய்டு, வைட்டமின் பி12, மனச்சோர்வு மூன்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாத சோதனைகளும் சேர்த்து வைக்கப்பட்டனவா என்று கேளுங்கள். அவர் முன்பு எவ்வளவு படித்தார், எந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டார், எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார், எப்போதிலிருந்து என்பதைச் சொல்லுங்கள். மருத்துவர் ஒப்பிட வேண்டியது அந்தப் பழைய அவரோடுதான், பக்கத்து நாற்காலியில் இருக்கும் முதியவரோடு அல்ல. குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும், கடைசி வரியாக.